கல்லுக்குக் கீழே யாரு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். சென்னை வண்டி ஒன்று வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய ஆள், "மேடம், மர்மக் கல்லறைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோயிலுக்குத்தான் வழி கேட்கிறார் என்று நினைத்து, "வந்த வழியே திரும்பிப் போங்க, மலை தெரியும், படி ஏறலாம், வண்டியிலயும் போலாம்" என்றேன். எங்கள் பக்கம் வெளியூர்க்காரர்கள் கேட்பது அது ஒன்றுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் எங்கள் வீடு இருந்தது. கிணறு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் எங்கள் வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. கொல்லை நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, 'மர்மக் கல்லறை, சன்செட் பாயின்ட்' என்று எழுதியிருந்தது. அதற்கு நாலரை நட்சத்திரம் வேறு கொடுத்திருந்தார்கள்.

என் தம்பியைத் தவிர வேறு யாரும் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. அவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். லீவு கிடைத்தால் மனிதர்கள் போகாத இடமாகத் தேடிப் பிடித்துப் போவான். இடிந்த கோட்டை, வௌவால் அடைந்த குகை, தண்ணீர் வற்றிப்போன அருவி, எல்லாம் பார்த்தாயிற்று. போன் போட்டுக் கேட்டேன்.

"ஊரெல்லாம் சுத்திப் பாக்கறேன் அக்கா. நம்ம வூட்டுக் கல்லையும் நாலு பேரு பாக்கட்டுமே" என்றான்.

"பாக்கறதுக்கு இன்னாடா கீது அதுல?"

"அதான் மர்மம்."

இவனைத் தூக்கி வளர்த்த கையாலேயே இரண்டு போட வேண்டும் என்று தோன்றியது.

கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற சாலையை ஒட்டி எங்கள் வீடு. கொல்லை நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் அந்தக் கல் நிற்கிறது. கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஏர் ஓட்டும்போது அதைச் சுற்றித்தான் ஓட்டுவார்கள். இப்போது டிராக்டரும் சுற்றித்தான் போகிறது. நாங்கள் நாலைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அந்தக் கல் எங்கள் நைனாவின் கொள்ளுத்தாத்தா கல்லறை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வேதத்தில் சேர்ந்த முதல் ஆள் அவர்தான். அப்போது சபைக்குக் கல்லறைத் தோட்டம் இல்லாததால் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்தார்கள் என்று கதை.

வருஷத்துக்கு இரண்டு தடவை கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஒரு தடவை. சுண்ணாம்பு காய்ந்ததும் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, கல்லின் நெஞ்சு உயரத்தில் ஒரு சிலுவை போடுவோம். மெழுகுவர்த்தி கொளுத்தி, செவ்வந்திப்பூ வைத்து, ஜெபம் செய்துவிட்டு வருவோம். இன்னொரு தடவை ஆடிக் கிருத்திகைக்கு. ஆந்திரா பக்கமிருந்து காவடி தூக்கிக்கொண்டு நடந்து வருகிறவர்கள் எங்கள் கொல்லை வழியாகத்தான் குறுக்கே போவார்கள். அவர்களுக்கு அது இடும்பன் இளைப்பாறிய கல். மஞ்சள் தடவி, பழைய சிலுவை மங்கலாகத் தெரியும் இடத்திலேயே குங்குமம் வைத்து, தேங்காய் உடைப்பார்கள். தேங்காயில் ஒரு மூடி எங்களுக்கு. அவர்கள் வருவதற்கு முன்னால் சுண்ணாம்பு அடித்து வைப்பது எங்கள் வேலை. எப்போது யார் அப்படி ஏற்பாடு செய்தார்களோ தெரியாது. அடிக்காமல் விட்டால் அவர்கள் முகம் வாடிவிடும் என்று அம்மா சொல்வாள். நவம்பரில் அந்த மஞ்சள் மேலேயே மறுபடி வெள்ளை அடிப்போம்.

இதில் குழப்பம் எதுவும் இருப்பதாக எனக்கு ஐம்பது வயது வரை தோன்றியதில்லை. கார் வர ஆரம்பித்த பிறகுதான் தோன்றியது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி.

"கல்லுக்குக் கீழ யாரு இருக்காங்க?"

நைனா இருந்தால், "எங்க கொள்ளுத்தாத்தா" என்பார், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனால் குரல் மட்டும் கணீரென்று இருக்கும். காவடிக்காரர்கள் யாராவது இருந்தால், "இடும்பன் சாமிங்க" என்பார்கள். தம்பி இருந்தால், "யாருக்கும் தெரியாது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வான், சொல்லிவிட்டு அவனே சிலிர்த்துக்கொள்வான். நான் இருந்தால், "கடலைச் செடிய மெறிக்காதீங்க" என்பேன். ஒரு மகராசி மேப்பில் எழுதியிருந்தாள்: 'அமைதியான இடம். டாய்லெட் இல்லை. அங்குள்ள பெண்மணி கோபமாகப் பேசுகிறார்.' மூன்று நட்சத்திரம். அந்த ஒன்றரை நட்சத்திரம் என்னால் போனது என்று தம்பி வருத்தப்பட்டான்.

எனக்கு வேறு வருத்தம் இருந்தது. நைனா தன்னை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

முதல் தடவை சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மருந்து சாப்பிடும் நேரம், சாப்பாட்டு நேரம் என்று பார்க்காமல் அதையே சொன்னார். "பாப்பா, என்னைக் கல்லாண்ட போட்ரு. பர்மிஷன் கிர்மிஷன் வாங்கணும்னா இப்பவே வாங்கி வெச்சுடு" என்பார். ஐம்பது வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

அம்மா இருப்பது ஊருக்குள் சபைக் கல்லறைத் தோட்டத்தில். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே இடம் கிடையாது. யாராவது போனால் அந்தக் குடும்பத்துப் பழைய குழியையே திறந்து வைப்பார்கள். ஆகவே நைனா போனால் அம்மாவின் குழியில் அம்மாவோடுதான் என்று நான் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன். அம்மா கல்லின் மேல் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டுத்தான் பெயர் வெட்டச் சொன்னேன். அந்தக் காலி இடம் நைனாவுக்கு. இவர் இப்படிச் சொன்னதும் எனக்கு வலித்தது. நாற்பது வருஷம் ஒருத்தி கூட வாழ்ந்துவிட்டு, முகம் தெரியாத ஒரு கொள்ளுத்தாத்தா பக்கத்தில் போய்ப் படுக்க ஆசைப்படுகிறாரே, அம்மா இவருக்கு என்ன குறை வைத்தாள் என்று நினைப்பேன். கேட்கவும் வாய் வராது. சாம்பாரில் உப்பு கூடிப்போகும், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பேராசிரியை வந்தார்.

வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ, கையில் ஒரு டேப். மேப்பைப் பார்த்துத்தான் வந்திருந்தார், ஆனால் சன்செட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நைனா மதியச் சாப்பாடு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். அளந்தார். என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு, பின்பக்கம் தரையை ஒட்டி ஒரு சின்ன இடத்தில் சுண்ணாம்பைச் சுரண்டினார். அது சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. வெள்ளை, கீழே மஞ்சள், மறுபடி வெள்ளை, மறுபடி மஞ்சள். வெங்காயம் உரிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் கருங்கல் தெரிந்தது. தரையில் பாதி புதைந்து வட்டமாகக் கிடந்த குண்டுக் கற்களையும் காட்டினார். சின்ன வயதில் அதன் மேல் குதித்து விளையாடியிருக்கிறேன். வட்டம் என்று அன்றுதான் கவனித்தேன்.

"இது உங்க குடும்பத்துக் கல்லறை இல்லம்மா" என்றார் மெதுவாக. "நெடுங்கல். இரும்பு புழங்க ஆரம்பிச்ச காலத்து மனுஷங்க நட்டது. கிறிஸ்து பிறக்கறதுக்கும் முன்னாடி. உங்க கொள்ளுத்தாத்தாவுக்காக வெச்சதா இருக்க வாய்ப்பே இல்ல."

"அப்ப கீழ யாருங்க?"

"யாரோ. அவங்களுக்கு என்ன பேருன்னு யாராலயும் சொல்ல முடியாது."

தம்பி சொன்னதைத்தான் இந்த அம்மாவும் சொல்கிறார், படித்துவிட்டுச் சொல்கிறார், அவ்வளவு வித்தியாசம். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. இத்தனை வருஷம் யாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினோம்? அந்த ஆள் எங்கள் ஜெபத்தைக் கேட்டு என்ன நினைத்திருப்பான்? ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கொள்ளுத்தாத்தா அங்கே இல்லை என்றால் நைனாவுக்கு அங்கே என்ன வேலை? பேசாமல் அம்மாவிடம் போய்ச் சேருவார்.

மறுநாள் பேராசிரியை என் கடைக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு அடிப்பதுதான் முக்கியமான வேலை. பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், தெருவிளக்கு எரியவில்லை, மருமகள் சோறு போடவில்லை என்று ஊரின் அத்தனை சங்கடமும் என் விரல் வழியாகத்தான் போகும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு வீட்டில் வந்து அழுவேன். பிறகு ஒரு பழக்கம் செய்துகொண்டேன். எழுத்தைப் பார்ப்பேன், விஷயத்தைப் பார்க்க மாட்டேன். ஒற்று விட்டுப்போயிருந்தால் போடுவேன், ளகர ழகரத்தைத் திருத்துவேன். மனுவில் என்ன இருந்தது என்று ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தப் பழக்கத்தால்தான் இத்தனை வருஷம் கடையை நடத்த முடிந்தது.

அவர் கையால் எழுதிக் கொண்டுவந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்தார். கல்லைப் பாதுகாக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு. அடித்தேன். இரண்டு இடத்தில் பிழை திருத்தினேன். நிலத்துக்காரர் சார்பில் கையெழுத்து வேண்டும் என்றார். நைனாவுக்குக் கை நடுங்கும், மனு என்றால் அவர் சார்பில் நான்தான் போடுவது வழக்கம், போட்டேன். ஒரு பிரதி எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். அவர் அப்படியே எதிரில் இருக்கும் தபால் ஆபீசுக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு அரக்கோணம் போய் ரயில் பிடித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் குஷியாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் இட்லியைப் பால் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க கொள்ளுத்தாத்தா அங்க இல்லயாம் நைனா. அது அந்தக் காலத்துக் கல்லாம். வேற யாரோ இருக்காங்களாம்."

"ஆங், தெரியும்" என்றார்.



"இன்னா தெரியும்?"

"அவரு அங்க இல்லன்னு தெரியும். அரக்கோணத்தாண்ட ரயில் பாதை போடப் போனவரு. அங்கயே காலரா வந்து பூட்டாரு. எங்க போட்டாங்கன்னு கூட வூட்டுக்குத் தெரியாது. ஒடம்பு வந்து சேரல."

"அப்பறம் இந்தக் கல்லு?"

இட்லியைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார். அந்தக் காலத்தில் நிலத்தைக் கொடுத்திருந்த பெரிய வீட்டுக்காரர், எங்கள் ஆட்கள் வேதத்தில் சேர்ந்த கோபத்தில் அதைத் திருப்பிக் கேட்டாராம். ஆம்பளை இல்லாத வீடு. எழுத்து எதுவும் கையில் இல்லை. ஏர் ஓட்ட ஆள் வந்து நின்றபோது, செத்தவரின் பெண்சாதி அந்தக் கல் முன்னால் விழுந்து, என் புருஷனை இங்கேதான் வைத்திருக்கிறேன், அவரைத் தோண்டிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்றாளாம். கல்லறையைத் தோண்ட எவனும் கை வைக்கவில்லை. ஆட்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த நாளே சுண்ணாம்பு வாங்கி அடித்துவிட்டாளாம்.

"இதை ஏன் நைனா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க வெளிய சொல்லுவீங்க. எங்கப்பா எனக்கே கல்யாணம் ஆனப்புறம்தான் சொன்னாரு."

"பொய்ன்னு தெரிஞ்சும் அங்கதான் போடணும்ன்றியே?"

"அதனாலதான் பாப்பா. எத்தினி தலமொறையா அந்த ஒரு பொய்ய சொல்லிகினு சோறு துன்னுட்டோம். ஒருத்தராச்சும் அங்க போய் படுத்தா அது நெஜமாயிடும்ல?"

இவ்வளவு நாள் மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அப்ப அம்மா?"

"உங்கம்மாவுக்கு இன்னா? அவ அம்மா, அக்கா, தங்கச்சின்னு சுத்தி அவ ஆளுங்கதான். பேசிகினு இருப்பா. கல்லாண்ட யாரு கீறாங்க, சொல்லு."

அவருக்கு அம்மா மேல் குறை எதுவும் இல்லை. அது மட்டும் புரிந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்ததால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் முதல் வேலையாகப் பஞ்சாயத்தில் அனுமதி கேட்டு மனு அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கடையைத் திறந்து, மனுவில் நிலத்தின் சர்வே எண் போடுவதற்காக, கல்லாப்பெட்டி மேல் இருந்த பேராசிரியை மனுவின் பிரதியை எடுத்தேன். முதல் தடவையாக விஷயத்தைப் பார்த்தேன். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'ஆகவே மேற்படி இடத்தில் தோண்டுதல், புதைத்தல், கட்டுமானம் ஆகிய எதையும் அனுமதிக்க வேண்டாமென்று நிலத்துக்காரர்களாகிய நாங்களும் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே என் கையெழுத்து.

பேராசிரியை கையால் எழுதிக் கொடுத்ததில் 'புதத்தல்' என்று இருந்தது. ஐகாரத்தைப் போட்டுத் திருத்தியது நான்தான். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொல்லை ஒரு தடவை நின்று பார்த்துத் திருத்தியவளுக்கு அதன் பொருள் மண்டையில் ஏறாமலா போயிருக்கும்? ஏறவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். பழக்கம், விரல் அதுபாட்டுக்கு அடித்துவிட்டது என்று. ஆனால் நைனா அம்மாவோடு போய்ச் சேர வேண்டும் என்று அத்தனை ஆசையாக இருந்தவளும் நான்தானே. நான் தெரியாமல் செய்தேனா, தெரிந்து செய்தேனா என்று எனக்கே இன்றுவரை தெரியாது. மற்றக் குழப்பமெல்லாம் ஒன்றுமே இல்லை. இது ஒன்றுதான் என்னை அரிக்கிறது.

பேராசிரியைக்குப் போன் போட்டேன். "மனுவ வாபஸ் வாங்க முடியுமாங்க?" என்றேன். "ஏம்மா? கல்லுக்கு நல்லதுதானே செஞ்சிருக்கீங்க" என்றார். அவரிடம் எப்படிச் சொல்வது? வாபஸ் கேட்டு நானே இன்னொரு மனு அடித்து அனுப்பினேன். அது எந்த மேஜையில் இருக்கிறதோ தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள், அளந்தார்கள். மூன்று பேருக்குள்ளேயே இது கோயில் கல்லா, கல்லறையா, பழைய காலத்துக் கல்லா, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பேச்சு வந்தது. கடைசியில், "முடிவு வர்ற வரைக்கும் இங்க ஒண்ணும் தோண்டக் கூடாது" என்று சொல்லி, மனுவின் நகல் ஒன்றை நிலத்துக்காரர் என்ற முறையில் நைனா கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நைனா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன். கையெழுத்து வரைக்கும் போனது அவர் பார்வை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தாளை நாலாக மடித்து என்னிடம் நீட்டினார்.

"நான் போனப்பறம் சுண்ணாம்பு மட்டும் வுட்டுடாத பாப்பா" என்றார்.

அதற்குப் பிறகு கல்லைப் பற்றி அவர் பேசவே இல்லை. மன்னித்துவிட்டாரா, மனசு விட்டுப்போனதா என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. கார்கள் வரும்போது மட்டும் வழக்கம் போல, "எங்க கொள்ளுத்தாத்தா" என்பார். இப்போது அது பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

தம்பி வந்ததும், "அங்கயே போட்டுடலாம் அக்கா, யாரு கேக்கப் போறாங்க?" என்றான். எனக்கும் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தது. பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் எனக்குத் தெரிந்தவர், என் கடைக்கு வருகிறவர். ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டார்.

"வேணாம்னு எழுதிக் குடுத்ததே நீங்கதானேம்மா" என்றார்.

அம்மாவின் குழியைத் திறந்து நைனாவை வைத்தோம். பாஸ்டர் நன்றாக ஜெபம் செய்தார். கல்லில் நான் விட்டு வைத்திருந்த காலி இடத்தில் நைனாவின் பெயரை வெட்டினார்கள், அளவெடுத்த மாதிரி பொருந்தியது. நான் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. அங்கே நின்று நான் அழுதது அவர் போனதற்கு மட்டும் இல்லை. யாரிடம் சொல்ல முடியும் அதை?

ஆடிக் கிருத்திகை வந்தது. முதல் நாளே சுண்ணாம்பை ஊறவைத்து, காலையில் நானே அடித்தேன். தம்பி லீவு போட்டு வந்து வாளி பிடித்தான். ஆட்கள் வர ஆரம்பித்தபோதும் சுண்ணாம்பு காயவில்லை, தாமதமாகிவிட்டது. சாலையிலிருந்து அரோகரா கேட்டது.

நகரி பக்கத்திலிருந்து வருஷா வருஷம் வருகிற ஒரு காவடிக்காரர் உண்டு. அவரும் நைனாவும் ஒருவரை ஒருவர், தெலுங்கில் மச்சான் என்கிற மாதிரி, பாவா என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எந்த வழியில் பாவா என்று கேட்டால் இருவருமே சிரிப்பார்கள். பூக்காவடியை இறக்கி வைத்துவிட்டு அவர் வாசல் நாற்காலியைப் பார்த்தார்.

"பாவா எங்கம்மா?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தெலுங்கில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கல்லிடம் போனார்.

"இங்கதான வெச்சீங்க? போன வருஷம் கூட சொல்லிகினு இருந்தாரே, அடுத்த தபா நீ வரும்போது நான் கல்லாண்ட கீறேன்னு."

இல்லை என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது. ஆனால் அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. காவடியிலிருந்து ஒரு சரம் பூவை எடுத்துக் கல்லின் காலடியில் வைத்தார். "பாவா, வந்துட்டேன்" என்றார். கூட வந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். தம்பி என்னைப் பார்த்தான். நான் வாளியைப் பார்த்தேன்.

தேங்காய் உடைத்து, எங்களுக்கு ஒரு மூடி கொடுத்துவிட்டு அவர்கள் மலையைப் பார்த்து நடந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் சாலையில் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு கார் எங்கள் வாசலில் ஒதுங்கியது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் போலிருந்தது. அவன் கேமராவோடு வரப்பிலேயே நின்றுவிட்டான். அவள் மட்டும் கடலைச் செடியை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கல் வரைக்கும் வந்தாள். ஈரச் சுண்ணாம்பையும், அதில் பட்டுச் சிவந்துபோன மஞ்சளையும், பூவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழ யாருங்க இருக்காங்க?" என்றாள்.

தம்பி வாயைத் திறந்தான். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"எங்க நைனா."

என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது. அவள் முகம் மாறிவிட்டது. "சாரிங்க, எப்போ?" என்று கேட்டாள். பங்குனியில் என்றேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கல்லைத் தொட்டுக் கும்பிடக் கையை நீட்டினாள்.

"சுண்ணாம்பு இன்னும் காயலம்மா" என்றேன். "கையில ஒட்டும். பரவால்ல, தொட்டுக்கோ."